கிடாரியின் அங்க லட்சணமும் வம்சாவளியும்

(தாயில்பட்டியில் கூடிய நம் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மகமைப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் சில இல்லங்களுக்குத் தூய இனக் கிடாரி ஒவ்வொன்று வாங்கித் தருவது என்னும் தீர்மானம் இன்று உங்கள் முன் வரவிருக்கிறது. அதற்கு முன்னதாக, கிடாரியைத் தெரிந்தெடுக்கும் முறைபற்றிச் சிறிது பேசுமாறு காரியதரிசி அவர்கள் நம்மைப் பணித்தார்கள். இப்பணிக்கு நம்மினும் வல்லவர் இவ்வூரில் பலர் உளர். ஆயினும் நம்மைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. இவ்வவையில் கிடாரி வாங்குவதில் பெருந்தவறு செய்தவர் நாமே. தவறியவன் சொல்லும் எச்சரிக்கைக்குத் தேர்ந்தவன் உரையினும் சிறிது மதிப்பு அதிகம் என்று காரியதரிசி கருதினார் போலும்.

நடந்ததை ஒளியாது கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், வெடிமருந்து வேலையில் கணவனை இழந்த ஓர் அம்மையாருக்கு உதவ எண்ணிச் சிலர் கூடிப் பொருள் சேர்த்தோம். அவர் இரு மக்களை உடையவர். மீண்டும் மருந்தில் கை வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஒரு மாடு இருந்தால் போதும், கன்றும் பாலும் எருவுமாய்ப் பிழைத்துக்கொள்வேன்" என்றார். நாம் மேற்கே கொங்குநாட்டுப் பக்கம் சென்று, ஒரு சந்தையில், காங்கய இனக் கிடாரி ஒன்றைக் கண்டோம். மயிலை நிறம்; பிறைபோல் வளைந்த கொம்பு; மைதீட்டிய கண்; கூடிநின்றோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். தரகர் துண்டுக்குள் நம் விரலைப் பிடித்தார், விலை முடிந்தது. அதன் சுழிகளை ஒன்றுக்கு மூன்று முறை எண்ணிப் பார்த்தோம். அதன் தாய் எது என்று ஒரு முறையும் கேட்டோமில்லை.

கிடாரி வளர்ந்தது, கொழுத்தது, பருவத்திற்கு வரவில்லை. ஓராண்டு காத்தோம். பின்னர் அரசுக் கால்நடை மருத்துவர் சோதித்து, "இதற்குக் கருப்பை முற்றும் வளரவில்லை. இது காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறந்ததா என்று விசாரியுங்கள்" என்றார். நாம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். வீட்டுத் திண்ணையில் இருந்த மூதாட்டி தயங்காமல் சொன்னார்: "ஆமாம், காளைக்கன்றும் இதுவுமாய் இரட்டை. நீங்கள் கேட்கவில்லையே, ஐயா!" அம்மூதாட்டி பொய் சொல்லவில்லை, நாமே கேட்கத் தவறினோம்.

இதனால் நாம் கற்ற பாடம் ஒன்றே: கிடாரியின் உடலைக் கண் பார்க்கும், அதன் பிறப்பை வாயால் கேட்டல்லாது அறிய இயலாது. இவ்விரண்டும் கூடினாலன்றித் தெரிவு முற்றுப்பெறாது.

முதலில் உடலைப் பார்ப்போம். அதற்கும் முன்னே, எதற்காக வாங்குகிறோம் என்பதை நிச்சயித்தல் வேண்டும். ஸ்காட்லாந்து தேசத்திலே ஆங்கஸ் என்றொரு மாட்டினம் உண்டு. கறுப்பு நிறத்தது, கொம்பற்றது, இறைச்சிக்கென வளர்க்கப்படுவது. அதன் கிடாரியை மதிப்பிடுவோர் அகன்ற முதுகும், நிறைந்த தொடையும், எளிதில் ஈனும் இடுப்பும் தேடுவர். காங்கயமோ வண்டிக்கும் ஏருக்கும் வளர்ந்த இனம். வறண்ட நிலத்துக் குறும்புல்லைத் தின்று, வெயிலில் பாரம் இழுக்கும் காளைகளை ஈன்று தருவதே காங்கயப் பசுவின் பெருமை. ஓரினத்தின் உரைகல்லைக் கொண்டு மற்றோரினத்தை உரைத்துப் பார்த்தல் கூடாது. நம் பக்கத்துப் புலிக்குளம் மாடும் சிறந்ததே; எனினும் அது மந்தையாய் மேய்ந்து, வயல்தோறும் கிடைபோட்டுப் பழகிய இனமாதலின், ஒரு வீட்டுக் கட்டுத்தறியில் தனிமாடாய் நிற்க அதனினும் காங்கயம் ஏற்றது என்று கருதினோம்.

காங்கயக் கன்று பிறக்கும்போது செந்நிறமாய் இருக்கும். ஏறத்தாழ ஆறு திங்களில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறும். பசுக்கள் பெரும்பாலும் வெண்மையோ இளஞ்சாம்பலோ ஆகும். காளைகளுக்குத் திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கருமை ஏறிநிற்கும். கண்ணைச் சுற்றிக் கரிய வளையம், சிறிய நிமிர்ந்த காது, மெல்லிய சிறு அலைதாடி, குட்டையாயினும் உறுதியான கால், கரிய கடிய குளம்பு, கருங்குஞ்சம் உடைய வால் ஆகியவை இனத்தின் அடையாளங்கள். கொம்பு வெளியே பரந்து பின்னே வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நாடி வட்டமிட முயல்வது போலத் தோன்றும். இவை இன்ன இனம் என்று காட்டும். நல்ல தாயாகும் என்று உறுதி கூறா. நாம் அன்று இவற்றோடு நின்றுவிட்டதே பிழை.

தாய்மைக்குரிய அவயவங்களைப் பார்க்க ஓர் ஒழுங்கு வேண்டும். மாட்டைச் சமநிலத்தில் நிறுத்தி, முதலில் பத்தடி தொலைவில் நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முதுகுக்கோடு திமிலின் பின்னிருந்து இடுப்புவரை வீழாது செல்ல வேண்டும். முன்காலின் பின்னே மார்பு ஆழ்ந்திருந்தால் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் இடம் உண்டு என்பது கருத்து. வயிறு ஆழ்ந்திருந்தால் தட்டையும் வைக்கோலும் தின்று செரிக்கும் ஆற்றல் உண்டு. ஒட்டிய வயிறு சந்தைக்கு அழகு. கரிசற்காட்டுக் கோடைக்கு ஆகாது.

அடுத்துப் பின்னே சென்று நின்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு இரண்டும் அகன்றிருத்தலும், வாலடியின் இருபுறத்து எலும்புமுனைகள் ஒன்றைவிட்டு ஒன்று நன்கு விலகியிருத்தலும் வேண்டும். கன்று வெளிவரும் வாயில் அதுவே. இவ்விடம் குறுகிய கிடாரி தலையீற்றில் துன்புறும். பின்னங்கால்கள் தம்முள் முட்டாது நேராய் இறங்க வேண்டும். மடியிடத்தைத் தொட்டுப் பார்க்க விடுகிறதா என்று காண வேண்டும். நான்கு காம்பும் சமதூரத்தில் சதுரமாய் அமைந்திருத்தல் நலம். பிறப்புறுப்பு வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிச் சிறுத்தோ, அதன் கீழ்முனையில் முடி நீண்டு கற்றையாயோ இருந்தால் ஐயுற வேண்டும். நம் கிடாரிக்கு இவ்விரு குறியும் இருந்தன என்று மருத்துவர் பின்னர்க் காட்டினார்; கொம்பை நோக்கிய கண்ணுக்கு அவை படவில்லை.

பின்னர் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் அல்லது அதை ஒட்டி விழுந்தால் நடை நன்று. தடுமாறுவது, குறுக்கடி வைப்பது, ஒரு காலைக் காப்பது ஆகியவை நின்ற நிலையில் புலப்படா. தரகர் கயிற்றை விடமாட்டேன் என்றால், பொருளை இடுப்பில் முடிந்துகொண்டு திரும்பிவிடுவது நலம்.

வயதறியப் பல்லைப் பார்ப்பது நம்மவர் அறிந்ததே. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பர். மகமைப் பணத்தில் வாங்கும் மாட்டை இருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையின் முன்னே எட்டுப் பால்பற்கள் உண்டு. ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயதில் நடுவிரண்டும் விழுந்து பெரும்பல் முளைக்கும். மூன்றை ஒட்டி நான்கு பல்லும், மூன்றரையை ஒட்டி ஆறு பல்லும், நாலரைக்குள் எட்டுப் பல்லும் நிரம்பும். காங்கயம் பொதுவாய் மூன்றரை, நான்கு வயதில்தான் முதற்கன்று ஈனும். ஆறு பல் கண்டும் பருவத்திற்கு வராத கிடாரியைக் "கன்றுதான், காத்திருங்கள்" என்பவர் சொல்லை நம்புதல் தகாது.

எடையைக் கண்ணால் மதிப்பது ஏமாற்றம் தரும். தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்காலின் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து வாலடி எலும்புமுனைவரை உள்ள நீளத்தால் மேலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை ராத்தலில் வரும். சுற்று 54, நீளம் 46 என்றால் ஏறத்தாழ 447 ராத்தல். அஃதாவது 203 கிலோ. அவ்வினத்துப் பசுவின் முழு எடையில் 60 விழுக்காடேனும் எட்டிய பின்னரே கிடாரியைச் சேர்க்கைக்கு விடுதல் முறை.

இனிச் சுழிபற்றி ஒரு சொல். இராஜ சுழி, பாடைச் சுழி, விலங்குச் சுழி என்று நம் பெரியோர் பெயரிட்டு நன்மை தீமை வகுத்தனர். அந்நம்பிக்கையைப் பழித்துரைக்க நாம் எழவில்லை. சுழி பார்ப்பவன் மாட்டைச் சுற்றிவந்து அங்கமெல்லாம் உற்று நோக்குவான். அவ்வளவில் அதுவும் பயனுடைத்தே. சந்தையில் விலையேறவும் இறங்கவும் சுழி காரணமாவதும் உண்மை. ஆனால் தலையில் மயிர் சுழன்ற திக்குக்கும் வயிற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பு உண்டென்பதற்கு யாதொரு சான்றும் இல்லை. நம் கிடாரி எச்சுழிக் குற்றமும் இல்லாதது. அதற்குப் பிறவிக் குற்றமே இருந்தது. ஏழை ஒருவரின் பிழைப்பை ஒப்படைக்கும் மாட்டிற்குச் சுழியைக் கடைசியில் பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இப்போது வம்சாவளிக்கு வருவோம். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பது நம் பழமொழி. முன்சொன்ன ஆங்கஸ் இனத்தைச் செம்மைப்படுத்திய ஹ்யூ வாட்ஸன் என்பவர் 1808ல் கீல்லர் என்னுமிடத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்தார். அவரிடத்து 'ஓல்ட் கிரானி' என்றொரு பசு 1824ல் பிறந்து, 35 ஆண்டு வாழ்ந்து 29 கன்று ஈன்றதாகச் சொல்லப்படுகிறது. கிழப்பாட்டி என்று பொருள்படும் அப்பெயரே, அங்குள்ளோர் எதனை மதித்தனர் என்பதைக் காட்டும். அந்நாட்டில் 1862ல் கொம்பிலா மாடுகளின் வம்சாவளிப் புத்தகம் அச்சேறியது. அதில் முதல் எண் பெற்றது வாட்ஸனுடைய 'ஓல்ட் ஜாக்' என்னும் காளை. அன்றுமுதல் இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று ஏட்டைப் புரட்டியே கிடாரியை மதிக்கலாயினர்.

அவ்வேட்டின் பயன் பெருமை பேசுவது மாத்திரமன்று. 2008ல் அமெரிக்காவின் ஆங்கஸ் மந்தைகளில் முதுகு வளைந்து, கால் மடங்கி, இறந்து பிறக்கும் கன்றுகள் காணப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் பீவர் முதலிய அறிஞர் ஆராய்ந்து, அது மரபணுக் குற்றம் எனவும், பெரிதும் விரும்பிப் பயன்படுத்தப்பட்ட காளைகளின் வழியில் பரவியது எனவும் கண்டனர். அக்குற்றத்தை ஒற்றையாய்ச் சுமக்கும் மாடு பார்வைக்குக் குறையற்றது. சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தாலே, நாலில் ஒரு பங்கு கன்று அவ்வாறு பிறக்கும். உடலைப் பார்த்து இதனை எவரும் அறியார். வம்சாவளி எழுதப்பட்டிருந்தமையால் குற்றம் எவ்வழி வந்தது என்று தொடர்ந்து சென்று பிடிக்க முடிந்தது. ஏடு இல்லாதிருந்தால், விதி என்று சொல்லித் தலையிலடித்துக்கொண்டிருப்பர்.

நம் நாட்டிலும் இவ்வறிவு இல்லாமற் போகவில்லை. காங்கயத்தை அடுத்த பழையகோட்டைப் பட்டக்காரர் தம் மந்தையைத் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்து பெருக்கிய செய்தி பெயர்பெற்றது. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் கிளுவை வேலியிட்டுப் பிரித்து, வெள்வேல் மர நிழலில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து, அவ்வவ் வேலிக்குள் மாடுகளைப் பிரித்து மேய்ப்பது கொங்குநாட்டு வழக்கம். வேலி இருந்தால் எந்தப் பசுவை எந்தக் காளை சேர்ந்தது என்பது தெரியும். ஆகவே கிளுவை வேலியையே நம்மவர் எழுதிய வம்சாவளி ஏடு என்று சொல்லலாம். குட்டப்பாளையத்துச் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வினத்தைக் காக்கப் பாடுபட்டு வருவதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நம் போன்றோர்க்கு அச்சேறிய ஏடு கிடைப்பது அரிது. ஆதலின் ஐந்து கேள்விகளை மனனம் செய்துகொண்டு, சந்தையில் அல்லாமல் விற்பவர் வீட்டுத் தொழுவத்திலேயே கேட்க வேண்டும்.

முதலாவது, தாய் எங்கே? உயிரோடிருந்தால் காட்டச் சொல்ல வேண்டும்; அதன் மடியையும் காலையும் குணத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, தாய் எத்தனை ஈற்று ஈன்றது, ஈற்றுக்கு ஈற்று எவ்வளவு இடைவெளி? ஆண்டுக்கொன்றோ, ஒன்றரை ஆண்டுக்கொன்றோ தவறாது ஈன்ற பசுவின் மகள், பேரழகியாகிய மலட்டுப் பசுவின் தங்கையைக் காட்டிலும் மேல். மூன்றாவது, தகப்பன் எது? கோயில் காளையா, பக்கத்துத் தோட்டத்துக் காளையா, ஊசியால் செலுத்திய உறைவிந்தா? உறைவிந்தாயின் அட்டையில் காளை எண் இருக்கும்.

நான்காவது கேள்வியே நாம் தவறவிட்டது: கூடப் பிறந்தது எது? பசுவின் வயிற்றில் காளைக்கன்றும் கிடாரிக்கன்றும் இரட்டையாய்த் தங்கும்போது, இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் பெரும்பாலும் ஒன்றுகூடிவிடும். காளைக்கன்றின் சுரப்புநீர் அவ்வழியே கிடாரியின் உடலிற் புகுந்து, அதன் கருப்பை வளர்ச்சியைத் தடுத்துவிடும். இங்கிலாந்தில் ஜான் ஹண்டர் என்னும் மருத்துவ அறிஞர் 1779ல் இத்தகைய கிடாரிகளை அறுத்துச் சோதித்து எழுதினார். அமெரிக்க அறிஞர் பிராங்க் லில்லி 1916ல் காரணத்தை விளக்கினார். இவ்வாறு பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை மலடாம். காளைக்கன்றுக்குப் பெரும்பாலும் கெடுதி இல்லை. கிடாரியும் கிடாரியுமாய்ப் பிறந்தாலும் அச்சமில்லை. இரட்டை என்று தெரிந்தால் மருத்துவரைக்கொண்டு சோதித்த பின்னரே விலை பேச வேண்டும்.

ஐந்தாவது, நோய்ச் செய்தி. கன்று வீசும் நோய்க்கு, நான்கு முதல் எட்டுத் திங்கள் வயதுக்குள் கிடாரிக்கன்றுக்குத் தடுப்பூசி போடுவது வழக்கம். போட்டதா என்று கேட்க வேண்டும். அத்தொழுவத்தில் பசுக்கள் கருச்சிதைந்தனவா என்றும் வினவ வேண்டும். இப்போது மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை தைக்கப்படுகிறது. அவ்வெண்ணைக் கால்நடை மருந்தகத்தில் காட்டினால், பதிவான தடுப்பூசி, சினை ஊசி முதலிய விவரம் தெரியவரும். நம் காலத்தில் அதுவே வம்சாவளி ஏட்டின் முதல் வரி.

வாங்கிய பின்னும் ஓர் எச்சரிக்கை. ஊரில் ஒரே காளையை நெடுங்காலம் வைத்திருந்தால், அதன் மகள்களே அதனோடு சேர நேரும். தகப்பனும் மகளும் சேர்ந்த கன்று மெலிவதும், மறைந்திருந்த குற்றம் வெளிப்படுவதும் எளிது. ஆதலின் கிடாரியின் தகப்பனை அறிந்து, அவ்வழியில் வாராத காளையைத் தேடுதல் வேண்டும். மருந்தகத்தில் ஊசி போடும்போதும், கிடைத்த விந்தை ஏற்காமல், காங்கய விந்தே வேண்டும் என்று கேட்டுப் போடச் செய்தல் வேண்டும். அன்றேல் ஒரு தலைமுறையில் தூய்மை போம்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானது. "காங்கயம் எவ்வளவு பால் கறக்கும்? அதனைக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்குமா?" என்று கேட்பீர்கள். சராசரியாய் ஓர் ஈற்றுக்கு 540 கிலோ அளவே பால் என்பர். பாலை விற்று நாள்தோறும் அரிசி வாங்க வேண்டிய இல்லத்திற்கு இது போதாது; அவ்வில்லத்திற்குக் கலப்பினக் கறவை மாடோ எருமையோ தருவதே கருணை. தீவனச் செலவைத் தாங்க இயலாது, ஆனால் மேய்ச்சலும் சோளத்தட்டையும் உடைய இல்லத்திற்கே, கன்றுகளை விற்றுப் பயன்பெறும்பொருட்டுத் தூய இனக் கிடாரி ஏற்றது. இவ்வேறுபாட்டைத் தீர்மானத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். இனப்பற்றை ஏழையின் பசியின்மேல் ஏற்றிவைத்தல் அறமன்று.

மற்றொன்று. வம்சம், தூய்மை என்று இத்துணை நேரம் பேசினோம். இச்சொற்களை மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி எடுத்துச் செல்லல் வேண்டா. மாட்டைத் தாய் தந்தையரால் மதிக்கிறோம். அது தன்னைத் தான் திருத்திக்கொள்ள அறியாது. மனிதனையோ அவன் கல்வியாலும் ஒழுக்கத்தாலுமே மதித்தல் முறை.

இறுதியாய், அவ்வம்மையாரின் கதையை முடித்துவிட்டு அமர்வோம். கிடாரி ஈனாது என்று உறுதியானபின், அதை வேறொரு சந்தைக்கு ஓட்டிச் சென்றோம். பார்த்தவர் எல்லாரும் விரும்பினர்; ஒருவர் நாம் கொடுத்த விலைக்கே கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அப்போது அவ்வம்மையார் நம்மைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, சொல்லாமல் விற்றதால்தானே நாம் கெட்டோம்? அந்த ஆள் முகத்தைப் பாருங்கள், அவரும் பிள்ளை குட்டிக்காரர்" என்றார். பின்னர் அவரே சென்று, "இது இரட்டையில் பிறந்தது, ஈனாது" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் விலகினார். மாலையில் வண்டிக்காரர் ஒருவர், சிறுபாரம் இழுக்கட்டும் என்று மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஓட்டிச் சென்றார்.

கிடாரியின் வம்சாவளி என்பது அதனை அறிந்தவர் சொல்லும் வாய்மையேயன்றி வேறில்லை. சொல்பவர் மறைத்தால் ஏடும் பொய். கேட்பவர் கேளாவிடில் மெய்யும் வீண். ஆகவே நம் சங்கம் கிடாரி தருமுன், ஒரு குறிப்பேடு திறக்க வேண்டும் என்று பிரேரிக்கிறோம். வில்லை எண், தாய், தகப்பன், பிறந்த நாள், கூடப் பிறந்தது, சேர்க்கை நாள், ஈற்று ஆகியவற்றை அதில் எழுதுவோம். நம் இல்லங்களிலிருந்து ஒரு கன்று விலைபோகும்போது, அதன் குறையும் நிறையும் எழுதிய பிரதியை வாங்குபவர் கையில் கொடுப்போம். முதல் பக்கத்தில், நாம் வாங்கி ஏமாந்த கிடாரியின் கதையையும், அதனை விற்ற அம்மையார் உரைத்த உண்மையையும், அவர் பெயர் குறியாது எழுதுவோம்.

அவ்வம்மையாரும் இன்று இக்கூட்டத்தில் இருக்கிறார். இவ்வாண்டு முதற்கிடாரியை அவருக்கே அளிக்குமாறும், அதனைத் தெரிந்தெடுக்கச் செல்வோருடன் அவரையும் அனுப்புமாறும் கேட்டுக்கொண்டு, நம் சொற்பொழிவை முடிக்கிறோம். கேள்வி கேட்க அவர் தவறமாட்டார்.